குழிக்கு உரியவர் யார்?

ஒரு வீட்டின் முகப்பை ஊரார் அனைவரும் பார்ப்பர். அதன் கொல்லைப்புறத்தை வீட்டாரே விரும்பிப் பார்ப்பதில்லை. சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் வெளியேறும் நீர் எவ்வழியாகப் போகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்பது நம்முள் பலருக்குத் தெரியாது. அந்நீர் ஒரு நாள் போக மறுக்கும்போதுதான் அப்படியொரு வழி இருப்பதே நம் நினைவுக்கு வருகிறது. உடன் ஒரு கேள்வியும் எழுகிறது: இதற்கு யார் பொறுப்பு?

பங்குத்தந்தையரின் அறைக்கு வந்துசேரும் வழக்குகளில் சொத்துப் பிரிவினைக்கும் திருமணச் சிக்கலுக்கும் அடுத்தபடியாக வீட்டுக்காரர், குடியிருப்பவர் பூசல்களே மிகுதி. அவற்றுள் கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீங்கா இடம் பெற்றுவிட்டது. ‘இதுவும் ஓர் அறநெறிக் கேள்வியா?’ என்று சிலர் நகைக்கக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவர்களே. அந்த எண்ணம் மாறியது எவ்வாறு என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மாடி வீடு

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய நகர்ப்புறப் பங்கு ஒன்றில் நிகழ்ந்தது இது. அந்தப் பகுதிக்கு அப்போது பாதாளச் சாக்கடை வந்திருக்கவில்லை. வீட்டுக்கு வீடு கொல்லையில் செப்டிக் டேங்க்தான். மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாழ்ந்தார். கணவரை இழந்தவர். ஓய்வூதியமும் கீழ்வீட்டு வாடகையுமே அவருக்கு ஆதாரம். கீழே ஒரு சரக்கு ஆட்டோ ஓட்டுநர், அவர்தம் மனைவி, இரு பிள்ளைகள், வயது முதிர்ந்த தாய் ஆகியோர் குடியிருந்தனர். இரு குடும்பத்தாரும் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர்கள்.

ஒரு மழைக்காலத்தில் கீழ்வீட்டுக் குளியலறையின் வாய்க்கால் துளை வழியாகக் கழிவுநீர் மேலெழும்பி, பாட்டி படுத்திருந்த அறைவரை வந்துவிட்டது. இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் வாய்ச்சண்டை. அடுத்த ஞாயிறு திருப்பலியில் சமாதானம் பகிரும் வேளையில் இரு குடும்பத்தாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பீடத்திலிருந்தே கண்டோம். மாலையில் இருவரையும் அழைத்தோம்.

“மேலே ஊற்றுகிற தண்ணீர்தானே எங்கள் வீட்டுக்குள் வந்து நிற்கிறது, சாமி? நாங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?” என்றார் ஓட்டுநர்.

“இத்தனை ஆண்டுகளாக அடைக்காத குழாய் இவர்கள் வந்த பிறகு ஏன் அடைக்கிறது என்று கேளுங்கள், சாமி” என்றார் ஆசிரியை.

இருவர் சொல்லிலும் உண்மை இருந்தது. இரு தளங்களுக்கும் பொதுவான குழாய் அடைபடும்போது, மேல்தளத்தில் ஊற்றப்படும் நீர் மேலே தேங்குவதில்லை. அது தாழ்ந்த வாயைத் தேடி அங்கே பொங்குகிறது. அடைப்புக்குக் காரணமானவர் மாடியில் இருக்கலாம், துன்புறுவோர் கீழ்வீட்டாராகவே இருப்பர். மறுபுறம், கீழ்வீட்டாரின் எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் துணித்துண்டுமே குழாயை அடைத்திருக்கவும் கூடும். மண்ணுக்கடியில் நடந்ததைக் கண்ட சாட்சி எவருமில்லை.

சட்டம் வகுத்த பங்கு

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தத் தமிழகம் 2017இல் இயற்றிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் இரண்டாம் அட்டவணை பராமரிப்பு வேலைகளைப் பங்கிடுகிறது. கட்டட அமைப்பில் செய்யவேண்டிய பழுதுபார்ப்பும், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவதும் உரிமையாளரைச் சாரும். வாய்க்காலைத் துப்புரவாக வைத்தல், கழிப்பறைப் பழுதுகள், தண்ணீர்க் குழாய்த் திருகுகளை மாற்றுதல் ஆகியன குடியிருப்பவரைச் சாரும். பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொது வசதிகளுக்கு ஒப்பந்தத்திலேயே பொறுப்பைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

இது நியாயமான பங்கீடே. குழாய் ஒரு பொருள். அது நாள்பட நாள்படத் தேயும், இணைப்புகளில் விரிசல் காணும். அருகிலுள்ள மரத்தின் வேர் ஈரத்தை நாடி அவ்விரிசலுள் நுழையும். கட்டியபோதே போதிய சரிவு கொடுக்கப்படாவிட்டால் எவ்வளவு கவனமாகப் பயன்படுத்தினாலும் அடைக்கவே செய்யும். இவற்றுக்குக் குடியிருப்பவரைக் குறைகூற இயலாது. ஆனால் ஆறிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றுவதும், கரையாப் பொருள்களைக் கழிப்பறையில் இடுவதும் பயன்படுத்துவோரின் செயல்கள். செய்தவரே அவற்றுக்குப் பொறுப்பு.

ஆயினும் சட்டத்தின் எழுத்து மட்டும் போதாது. உரிமையாளரின் கையில் முன்பணம் இருக்கிறது, ‘வீட்டைக் காலி செய்’ என்னும் சொல்லும் இருக்கிறது. பள்ளி செல்லும் பிள்ளைகளையும் நோயுற்ற தாயையும் வைத்துக்கொண்டு இன்னொரு வீடு தேடும் துன்பத்தை அஞ்சியே பல குடும்பங்கள் தமக்குரியதல்லாச் செலவையும் ஏற்றுக்கொள்கின்றன. இப்படி அஞ்சிப் பணிவதை உடன்பாடு என்று கொள்ளலாகாது.

பழைய ஏற்பாடு காட்டும் வீடு

குருமடத்தில் லேவியர் நூலை நாம் விருப்பமின்றியே படித்தோம். அதன் 14ஆம் அதிகாரத்தில் சுவரில் நோய் படர்ந்த வீட்டைப் பற்றிய சட்டம் வரும்போது பக்கங்களை விரைந்து புரட்டியதும் உண்டு. மேற்சொன்ன வழக்குக்குப் பின் அதை மீண்டும் எடுத்துப் படித்தபோது வியப்பே மேலிட்டது.

வீட்டில் தீங்கின் அறிகுறி தோன்றியதும் அதைக் குருவிடம் அறிவிக்கும் கடமை அங்கே வீட்டுக்கு உரியவருக்குத் தரப்படுகிறது. பிறர் முறையிடும்வரை அவர் காத்திருக்கலாகாது. குரு வந்து பார்க்குமுன் வீட்டிலுள்ள பொருள்களை வெளியேற்றச் சொல்லவேண்டும். ஏனெனில் ஆய்வுக்குப் பின் அனைத்தும் தீட்டாகிவிடும், ஏழையின் பண்டமும் பாத்திரமும் வீணாகக்கூடாது. பிறகு கெட்ட கற்களைப் பெயர்த்து, வேறு கற்களை வைத்து, புதிதாகப் பூசவேண்டும். குருவின் பணி பீடத்தோடு முடிந்துவிடவில்லை. சுவரைச் சுரண்டிப் பார்ப்பதும் அவர் பணியாயிற்று.

இணைச்சட்டத்தின் 22ஆம் அதிகாரம் புது வீடு கட்டுவோர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும் என்கிறது. எவரேனும் தவறி விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். அதே நூலின் 23ஆம் அதிகாரம், பாளையத்திற்கு வெளியே சென்று குழி தோண்டிக் கழிவை மண்ணால் மூடுமாறு கட்டளையிடுகிறது. ஆண்டவர் அப்பாளையத்தின் நடுவே உலாவுகிறார் என்பதே அதற்குக் காரணம். கழிவை என்ன செய்கிறோம் என்பதும் அங்கே இறைப்பிரசன்னத்தோடு தொடர்புடைய கேள்வியாகிறது.

இவை அனைத்தினும் நம்மை ஆழமாகத் தைத்தது விடுதலைப் பயணம் 21ஆம் அதிகாரத்தின் சட்டம். ஒருவர் குழியைத் திறந்துவைத்தோ, வெட்டியோ மூடாமல் விட்டு, அதில் மாடோ கழுதையோ விழுந்து இறந்தால், குழிக்கு உரியவர் ஈடு செய்யவேண்டும். அவருக்குத் தீய எண்ணம் இருந்ததா என்று சட்டம் கேட்கவில்லை. திறந்தது யார், மூடாமல் விட்டது யார் என்றே கேட்கிறது.

நாம் எழுதிய சீட்டு

மீண்டும் அந்த மாடி வீட்டுக்கு வருவோம். தவறு யாருடையது என்று அறிய வழியில்லாதபோது, குழாயைப் பயன்படுத்தும் இருவரும் செலவைப் பகிர்ந்துகொள்வதே நீதி என்று சொன்னோம். இருவரும் இசைந்தனர். கழிவுநீர் உறிஞ்சும் லாரியை அழைக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. சந்து குறுகலானது, நெடிய குழாய் வேண்டும், செலவு கூடுதல் என்றார்கள். ஓர் ஆளை விட்டால் குறைவில் முடிந்துவிடும் என்றார் ஆசிரியை. ஓட்டுநரும் தலையசைத்தார். பின்னர்ச் சண்டை எழாதிருக்கும்பொருட்டு ஒரு தாளில் நாமே எழுதினோம்: ‘அடைப்பு எடுக்க ஆள் கூலி, இரு வீட்டாரும் பாதிப் பாதி.’ அவர்கள் கையொப்பமிட்டனர். இருவர் கைகளையும் இணைத்து வாழ்த்தி அனுப்பினோம். ஒரு குடும்பப் பூசலைத் தீர்த்த நிறைவோடு அன்றிரவு உறங்கினோம்.

மறுநாள் முற்பகல், நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொடுத்துவிட்டு அத்தெரு வழியே வந்தோம். கொல்லையில் செப்டிக் டேங்கின் மூடி திறந்திருந்தது. ஒரு மனிதர் கழுத்தளவு உள்ளே நின்று, வீட்டிலிருந்து வரும் குழாயின் வாயில் மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். இடுப்பில் கயிறுகூட இல்லை. சற்று நேரத்தில் அடைப்பு நீங்கியது. அவர் மேலே வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கீழ்வீட்டிலிருந்து செம்பில் கொண்டுவந்து, அவர் குவித்த கைகளில் எட்ட நின்று ஊற்றினார்கள்.

அவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் நேர்ந்திருக்கக்கூடும். அழுகும் கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு குறைந்த அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டதென்று எண்ணும் நொடியில் மனிதர் மயங்கி விழுவார். காற்றைவிடக் கனமான அவ்வாயு தொட்டியின் அடியில் தங்கியிருக்கும். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். ஒருவர் பின் ஒருவராக இருவர், மூவர் இறந்த செய்திகளை நாளிதழ்களில் நாம் படித்திருக்கிறோம். இத்தகைய இறப்புகள் மிகுதியாகப் பதிவான மாநிலங்களுள் நம் தமிழகமும் ஒன்று.

அன்று மாலை அவர் வீட்டைத் தேடிச் சென்றோம். அவரும் நம் பங்கைச் சார்ந்தவரே என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. உடன் வேலை செய்த ஒருவர் தொட்டியில் மயங்கி இறந்தபின், இரண்டு ஆண்டுகளாக அவர் எந்தத் தொட்டியிலும் இறங்கவில்லையாம். அப்படியானால் இன்று ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டோம்.

“சாமியே கைப்பட எழுதின சீட்டுன்னு சொன்னாங்க. அதான் வந்தேன்” என்றார் அவர்.

கேட்கப்படாத கேள்வி

அந்தப் பஞ்சாயத்தில் நாம் இரண்டு கேள்விகள் கேட்டோம். அடைப்புக்குக் காரணம் யார்? செலவு யாருடையது? இரண்டுக்கும் ஓரளவு நேர்மையாகவே விடை கண்டோம். மூன்றாவது கேள்வி நம் மூவர் நாவிலும் வரவில்லை: இறங்கப்போவது யார்? அவருக்கு ‘ஆள்’ என்று பெயரிட்டோம். பெயரே இல்லாதவரைப் பற்றி மனச்சான்று என்ன கேட்கும்?

புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில், அநீதியில் ஈடுபடும் வழிகள் ஒன்பதை எண்ணி, ஈடுசெய்யும் கடமையைப் பற்றி ஆராய்கிறார். கட்டளையிடுதல், ஆலோசனை கூறுதல், இசைவளித்தல் ஆகியவற்றோடு, வாய்மூடி இருத்தலும் தடுக்காமல் விடுதலும் அப்பட்டியலில் உள்ளன. குருமடத் தேர்வில் இவ்வொன்பதையும் மனப்பாடமாக எழுதி மதிப்பெண் பெற்றோம். அன்று அந்தச் சீட்டை எழுதியபோது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஆலோசனையும் நம்முடையது, இசைவும் நம்முடையது, எழுத்தும் நம்முடையது. குழியைத் திறந்தவர்களுள் நாமும் ஒருவர்.

நாட்டின் சட்டமும் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தது. கையால் மலம் அள்ளும் தொழிலில் மனிதரை ஈடுபடுத்துவதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டமோ, சாக்கடைக் குழாயையோ செப்டிக் டேங்கையோ தக்க பாதுகாப்பின்றி ஆபத்தான முறையில் துப்புரவு செய்ய எவரும் எவரையும் அமர்த்தலாகாது என்றது. அத்தடை நகராட்சிக்கு மட்டும் உரியதன்று, வீட்டுக்காரருக்கும் உரியது. மீறினால் முதல் குற்றத்திற்கே இரண்டு ஆண்டுவரை சிறையோ, 2 லட்சம் ரூபாய்வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 1993 முதல் இவ்வாறு இறந்தவர்களின் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. மாட்டுக்கும் கழுதைக்கும் ஈடு கேட்ட மோசேயின் சட்டத்தை அறிந்த நாம், நீதிமன்றம் சொல்லித்தானா மனிதருக்கு ஈடு கேட்க வேண்டும்?

இரண்டு மறுப்புகள்

இதைப் பங்கு மன்றக் கூட்டத்தில் பகிர்ந்துகொண்டபோது இரு மறுப்புகள் எழுந்தன. இரண்டும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

‘அவர் விரும்பித்தானே வந்தார்? கூலி பேசித்தானே இறங்கினார்?’ என்பது முதலாவது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் இதற்கு விடையுண்டு. வறுமையின் நெருக்கடியாலோ, இதனினும் கொடிய துன்பத்தை அஞ்சியோ கடினமான நிபந்தனைக்கு ஒருவர் இசைந்தால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் இரையானவரே என்று அது கற்பிக்கிறது. மேலும், இந்த வேலைக்கு ‘விரும்பி’ வருவோர் எப்போதும் ஒரு சில சாதிகளைச் சார்ந்தவராகவே இருப்பது ஏன்? விருப்பம் என்பது ஒரே தெருவில் மட்டும் விளையும் பயிரா? சாதியத்திற்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று இந்திய ஆயர்கள் 1982இல் திருச்சியில் கூடி அறிவித்தனர். அந்தச் சொல் நம் ஆலயத்தின் முன்வாயில்வரை வந்திருக்கலாம். நம் இல்லங்களின் கொல்லைப்புறத்தை அது இன்னும் எட்டவில்லை என்பதற்கு அந்தச் செம்புத் தண்ணீரே சாட்சி.

‘லாரிக்கும் இயந்திரத்திற்கும் ஆகும் கூடுதல் செலவை ஏழைகள் எங்ஙனம் தாங்குவர்?’ என்பது இரண்டாவது. இதை நாம் எளிதாகத் தள்ளமாட்டோம். அந்த ஆசிரியையும் ஓட்டுநரும் செல்வர் அல்லர். ஆயினும் அன்று நாம் மிச்சப்படுத்திய தொகை எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். அது ஒரு மனிதர் தம் மூச்சை அடக்கிக்கொண்ட நேரத்தின் விலை. நம் சிக்கனத்தைப் பிறருடைய உயிரிலிருந்து எடுக்கும் உரிமை ஏழைக்கும் இல்லை, பணக்காரருக்கும் இல்லை. கூடுதல் செலவை எவ்வாறு பங்கிடுவது என்பது வேறு கேள்வி. சொத்து யாருடையதோ, அதன் மதிப்பு யாருக்கு உயர்கிறதோ, அவர் பெரும்பகுதியை ஏற்பது முறை. அவராலும் இயலாதபோது அண்டை வீட்டாரும் அன்பியமும் பங்கும் தோள்கொடுக்கவேண்டும். எல்லாரும் எல்லாருக்கும் பொறுப்பு என்பதே தோழமை எனும் நற்பண்பு என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் விளக்கினார். அது திருவிழா மேடைக்கு மட்டும் உரிய சொல்லன்று. அடைத்த குழாய்க்கும் உரியதே.

நம் வீட்டில் தொடங்குதல்

பிறருக்குச் சொல்லுமுன் நம் வீட்டைப் பார்க்கவேண்டும் அல்லவா? ஆலயத்தை ஒட்டி நம் பங்குக்கு நான்கு வாடகை வீடுகள் இருந்தன. அவற்றின் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். கழிவுநீர் தொடர்பான ‘எல்லாச் செலவும்’ குடியிருப்பவருடையது என்று பழைய தட்டச்சு எழுத்தில் இருந்தது. எவரோ ஒருவர் எழுதியதை நாம் ஆண்டுதோறும் புதுப்பித்துக் கையொப்பமிட்டு வந்திருக்கிறோம். அதை மாற்றி எழுதினோம். குழாயும் தொட்டியும் பங்கின் பொறுப்பு. தவறான பயன்பாட்டால் நேரும் அடைப்பு மட்டுமே குடியிருப்பவர் பொறுப்பு. காரணம் தெரியாதவிடத்துப் பாதிக்குப் பாதி. இறுதியாக ஒரு வரி: எக்காரணம் கொண்டும் தொட்டிக்குள் மனிதர் எவரையும் இறக்கலாகாது.

அத்தோடு சில எளிய பழக்கங்களையும் மக்களிடம் வலியுறுத்தினோம். மழைக்கு முன் தொட்டியின் மூடியையும் குழாயையும் வீட்டுக்காரர் பார்வையிடட்டும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரியை அழைத்துத் தொட்டியைக் காலி செய்யட்டும். குடியிருப்போர் எண்ணெயையும் துணியையும் குழாயில் இடாதிருக்கட்டும். நீர் மெல்லப் போகத் தொடங்கும்போதே ஒளிக்காமல் சொல்லட்டும். சொன்னவரை வீட்டுக்காரர் கடிந்துகொள்ளாதிருக்கட்டும். அடைப்பு முற்றுமுன் வரும் சொல்லே ஒரு மனிதரைக் குழியிலிருந்து காக்கிறது.

அந்தச் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பெரிதும் சங்கடப்பட்டார். ‘அதெல்லாம் எதுக்கு சாமி’ என்று சொல்லிவிட்டு, மகனை அனுப்பித் தேநீர் வாங்கிவரச் செய்தார். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அருந்தினோம். அக்குவினா சொல்லும் ஈடு இதனால் நிறைவேறிவிட்டதாக நாம் எண்ணவில்லை. நம் எழுத்தை நம்பி அவர் உடைத்த உறுதியை எதைக் கொடுத்துத் திருப்ப இயலும்?

வீடு மந்திரிக்கச் செல்லும்போது கூடத்திலும் படுக்கையறையிலும் சமையலறையிலும் தீர்த்தம் தெளித்துவிட்டுத் திரும்புவது நம் வழக்கமாக இருந்தது. இப்போது கொல்லைக் கதவையும் திறக்கச் சொல்கிறோம். வீட்டார் முதலில் தயங்குவர். அங்கே அலங்காரம் எதுவும் செய்திருக்கமாட்டார்கள். தொட்டியின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கிறோம். கடைசியாக எப்போது காலி செய்தீர்கள், யாரை அழைத்தீர்கள் என்று கேட்கிறோம். பிறகு அவ்விடத்திலும் தீர்த்தம் தெளித்து, அவ்வீட்டாருக்காகவும், அவர்களுடைய கழிவை அகற்ற வரப்போகும் மனிதருக்காகவும் செபிக்கிறோம். அவர் பெயர் தெரிந்தால் பெயர் சொல்லியே செபிக்கிறோம்.